முன்னால் ஒன்றா, இரண்டா, மூன்றா? மலை சைக்கிளின் பல்சக்கரக் கணக்கு

கடையில் நிற்கும் மலை சைக்கிளில் முதலில் கண்ணில் படுவது பிரேமில் ஒட்டியிருக்கும் '21 கியர்' ஸ்டிக்கர்தான். பக்கத்தில் நிற்கும் இன்னொரு சைக்கிளில் 11 கியர்தான் இருக்கும், விலையோ பல மடங்கு. 21 இருக்கும்போது 11-க்கு எதற்குக் கூடுதல் பணம் என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. பதில் கியர்களின் எண்ணிக்கையில் இல்லை. ஆக லேசான கியர் எவ்வளவு லேசு என்பதில்தான் இருக்கிறது.

அந்த 21 கியர் சைக்கிளில் முன்னால் மிதியோடு சுற்றும் மூன்று பல்சக்கரங்களில் 48, 38, 28 பல்லும், பின்னால் ஏழு பல்சக்கரங்களில் 14 முதல் 28 பல் வரையும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விலை குறைந்த சைக்கிள்களில் அடிக்கடி காண்கிற அமைப்பு இது. இதில் ஆக லேசான கியர் முன்னால் 28, பின்னால் 28. மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரமும் முழுதாக ஒரு சுற்றுச் சுற்றும். முன்னால் ஒரே 32 பல்லும் பின்னால் 11 முதல் 51 வரையும் உள்ள 11 கியர் சைக்கிளில், ஒரு மிதிச் சுற்றுக்குப் பின்சக்கரம் 0.63 சுற்றுத்தான் போகும். குற்றாலத்திலிருந்து ஐந்தருவிக்கு ஏறும்போதும், செங்கோட்டை தாண்டி புளியரை எஸ் வளைவில் ஏறும்போதும் முழங்காலுக்குத் தெரிவது இந்த வித்தியாசம்தான்.

கணக்கு

முன் பல்லின் எண்ணிக்கையைப் பின் பல்லின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வரும் எண் சிறியதாக இருந்தால் லேசான கியர், ஏற்றத்துக்கு. பெரியதாக இருந்தால் கனமான கியர், வேகத்துக்கு. பல் எண்ணிக்கை பெரும்பாலும் சக்கரத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அழுக்கில் தெரியாவிட்டால் ஒரு பல்லில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுவிட்டு எண்ணிவிடலாம். ஒரு சைக்கிளைப் பற்றி இரண்டு எண்கள் தெரிந்தால் போதும்: சிறிய முன் பல்லைப் பெரிய பின் பல்லால் வகுத்தது, பெரிய முன் பல்லைச் சிறிய பின் பல்லால் வகுத்தது.

இந்த எண் காலில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். 29 அங்குலச் சக்கரத்தில் 2.1 அங்குல டயர் போட்டால் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.29 மீட்டர் போகும். ஏற்றத்தில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதிப்பது சிரமமில்லாத தாளம். வலது முழங்கால் 15 விநாடிக்குள் 15 தடவை மேலே வந்தால் அது 60. இந்தத் தாளத்தில் 1.0 கியரில் போனால் வேகம் மணிக்கு 8.2 கிலோமீட்டர், 0.63 கியரில் 5.2 கிலோமீட்டர். 70 கிலோ ஆள் 15 கிலோ சைக்கிளில், 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் ரோட்டில் ஏறுகிறார் என்றால், 8.2 வேகத்துக்குச் சுமார் 170 வாட் தேவைப்படும். 5.2 வேகத்துக்குச் சுமார் 110 வாட் போதும். 110 வாட்டை, கொஞ்சம் பழகிய எவரும் நீண்ட நேரம் தாங்கலாம். 170 வாட் என்பது புதிதாக ஓட்டுகிறவருக்கு வெகுநேரம் தாங்காது. லேசான கியர் இல்லாதவருக்கு அந்த 170-ஐக் கொடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. கொடுக்க முடியாவிட்டால் மிதி 40 சுற்றுக்கு இறங்கிவிடும், முழங்கால் வலிக்கும், கடைசியில் இறங்கித் தள்ள வேண்டியதுதான். 'எனக்கு உடம்பில் தெம்பு போதாது' என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை மூலையில் சாத்தியவர்கள் பலருக்கு உண்மையில் போதாமல் இருந்தது பின்னால் சில பற்கள்தான்.

திருநெல்வேலிச் சீமைக்கு எங்கள் கணக்கு இது. குளத்துக் கரை, வாய்க்கால் கரை, சமதளச் செம்மண் பாதை மட்டும் என்றால் 0.9 போதும். தென்காசி, செங்கோட்டை, பாபநாசம் பக்கத்து ரோட்டு ஏற்றங்களுக்கு 0.75-க்குள் இருக்க வேண்டும். கல் கிடக்கும் மலையடிவாரத் தடத்தில், முதுகில் பையோடு ஏற வேண்டுமென்றால் 0.65-க்கு மேல் வாங்காதீர்கள். மணிமுத்தாறு சோதனைச் சாவடிக்கு மேலே மாஞ்சோலைக்குப் போகும் பாதை களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அங்கே வனத்துறை அனுமதிதான் முதல் கேள்வி, கியர் அதற்கு அப்புறம்.

மூன்று சக்கரம்

பின்னால் ஏழு, எட்டுப் பற்சக்கரங்கள் மட்டுமே இருந்த காலத்தில், லேசான கியரும் வேண்டும், வேகமும் வேண்டும் என்றால் முன்னால் மூன்று பல்சக்கரம் போடுவதைத் தவிர வழியில்லை. 42, 32, 22 என்பது அந்தக் காலத்தின் நல்ல மலை சைக்கிள் அமைப்பு. அதோடு பின்னால் 11 முதல் 34 வரை போட்டால் 0.65-இலிருந்து 3.8 வரை கிடைக்கிறது. இன்றைய விலையுயர்ந்த ஒற்றைச் சக்கர சைக்கிள்கூட அவ்வளவு அகலம் தராது.

ஆனால் எண்ணிக்கையில் சொல்லும் 24 கியரும் 24 விதமான கியர் இல்லை. பின்னால் 11, 13, 15, 18, 21, 24, 28, 32 என்று எட்டு இருக்கிறது என்று வைத்து வகுத்துப் பாருங்கள். முன்னால் 42-இல் போட்டுப் பின்னால் 28: வருவது 1.5. முன்னால் 32, பின்னால் 21: 1.52. முன்னால் 22, பின்னால் 15: 1.47. மூன்றும் காலுக்கு ஒரே கியர். 42-க்கு 21-உம் 22-க்கு 11-உம் அச்சாக ஒன்றே, இரண்டும் 2.0. இப்படி ஒன்றின் மேல் ஒன்று விழுவதையும், செயின் கோணலாக ஓடுவதால் தவிர்க்க வேண்டியதையும் கழித்தால் பயன்படுத்துவது பதினைந்தை ஒட்டித்தான் நிற்கும்.

செயின் கோணல் என்பதைப் புதியவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். முன்னால் பெரியதும் பின்னால் பெரியதுமாகப் போட்டால் செயின் குறுக்காக இழுபடும், பின் டீரெய்லரின் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) கை முழுதாக நீட்டிக்கொண்டு நிற்கும். செயின் அளவு குறைவாக வெட்டப்பட்டிருந்தால் இந்த இடத்தில்தான் டீரெய்லர் பிய்த்துக்கொண்டு போகும். சிறியதும் சிறியதுமாகப் போட்டால் செயின் தொளதொளவென்று தொங்கி, பக்கத்து முன் சக்கரத்தில் உரசிச் சத்தம் போடும். முன் சிறியதில் இருக்கும்போது பின்னால் பெரிய நான்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும்போது எல்லாவற்றையும் பயன்படுத்தலாம். பெரியதில் இருக்கும்போது பின்னால் சிறிய நான்கு போதும்.

மூன்றின் உண்மையான தொல்லை முன் டீரெய்லர். அது செயினைப் பக்கவாட்டில் தள்ளித்தான் ஏற்றி இறக்கும். செயினின் இழுவை அதிகமாக இருக்கும்போது அதனால் தள்ள முடியாது. வயலிலிருந்து குளத்துக் கரைக்கு ஏறும் சரிவைப் பாருங்கள்: பத்து மீட்டர் நீளம் இருக்காது, செங்குத்தாக நிற்கும். பாதியில் கால் நிற்கப் போகிறது என்று தெரிந்ததும் இடது கட்டைவிரல் சிறிய சக்கரத்துக்குத் தட்டும். முழு பாரத்தோடு இழுபடும் செயின் நடுச் சக்கரத்தை விட்டு இறங்காது, இல்லை, இறங்கும் வேகத்தில் சிறிய சக்கரத்தையும் தாண்டிப் பிரேமுக்கும், மிதியைத் தாங்கும் கிராங்குக்கும் நடுவில் போய்ச் செருகிக்கொள்ளும். இதைத் தவிர்க்க ஒரே வழி, சரிவு தொடங்குவதற்கு மூன்று நான்கு மிதிக்கு முன்பே மாற்றிவிடுவது. மாற்றும் அந்த ஒரு சுற்றில் காலை லேசாக்கிச் சும்மா சுற்ற வேண்டும். சிறியதுக்கு இறங்கிய உடனே மிதி வெறுமனே ஓடும், அதைச் சமாளிக்கப் பின்னால் ஒன்றிரண்டு கனமாக்கிக்கொள்ள வேண்டும். பழகினால் கையில் வந்துவிடும். பழகும்வரை கோபம் வரும்.

இன்னொன்று சேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சங்கரன்கோவில், கயத்தாறு பக்கத்துக் கரிசலில் ஓட்டினால் மண் பசைபோல ஒட்டும். தேய்ந்த சிறிய சக்கரத்தில் சேறும் சேர்ந்தால் செயின் கீழே விடுபடாமல் பல்லோடு ஒட்டி மேலே ஏறி, பிரேமின் பின் குழாயில் சிக்கும். அப்போது விடாமல் மிதித்தால் பிரேமில் ஆழமாகக் கீறல் விழும். மிதி திடீரென்று கெட்டியானால் அங்கேயே நிறுத்தி, பின்னோக்கிச் சுற்றி எடுங்கள்.

இரண்டு சக்கரம்

36-உம் 22-உம், 36-உம் 26-உம், 38-உம் 24-உம் என்று பல சோடிகளில் வருகிறது. பின்னால் 11 முதல் 36 வரை உள்ள பத்து வேகக் கேசட்டோடு (பின் பற்சக்கரங்களின் அடுக்கு; பத்து வேகம் என்றால் பத்துச் சக்கரம்) 36, 22 சேர்ந்தால் 0.61 முதல் 3.27 வரை. ஏற்றத்தில் மூன்று சக்கர அமைப்பைவிடவும் லேசு, மேல் வேகத்தில் கொஞ்சம் குறைவு. மலை சைக்கிளில் 42 பல்லைச் சமதளத்தில் முழுதாகப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு என்பதால் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

இரண்டு சக்கரத்தை 'இடைக்கால ஏற்பாடு' என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். புதிய விலையுயர்ந்த சைக்கிள்களில் அது அருகிப்போனது உண்மைதான். ஆனால் நம் ஊருக்கு அது பொருந்துவதற்கு ஒரு காரணம் உண்டு: காற்று.

காற்று

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் மேற்கிலிருந்து காற்று கொட்டும். பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது அதனால்தான். திருநெல்வேலியிலிருந்து ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகத் தென்காசிக்குப் போகிறவருக்குப் போகும்போது முகத்தில் காற்று, திரும்பும்போது முதுகில் காற்று. முகக்காற்று என்பது முடியாத ஏற்றம். ஆனால் மலை ஏற்றத்திலிருந்து ஒரு வகையில் வேறுபடும்: அங்கே தேவைப்படுவது ஆக லேசான கியர் இல்லை. நடுத்தரக் கியர்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். காற்று சற்று ஏறினால் ஒரு சிறு படி இறங்க வேண்டும், தணிந்தால் ஒரு சிறு படி ஏற வேண்டும். தாளம் மாறக் கூடாது.

எண்களை வைத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 80 சுற்று, அதே 29 அங்குலச் சக்கரம். முன்னால் ஒற்றை 32, பின்னால் 11, 13, 15, 18, 21, 24, 28, 33, 39, 45, 51 உள்ள கேசட். 21-இல் போனால் 16.7 கிலோமீட்டர் வேகம், 18-இல் 19.5, 15-இல் 23.4. முன்னால் 36 போட்டு, பின்னால் 11, 13, 15, 17, 19, 21, 24, 28, 32, 36 உள்ள கேசட்டில் 24-இல் 16.5, 21-இல் 18.8, 19-இல் 20.8, 17-இல் 23.3. அதே இடைவெளிக்குள் ஒரு படி கூடுதலாக இருக்கிறது. ஒற்றைச் சக்கரத்தில் 18-இல் கால் கனக்கும், 21-க்குப் போனால் மிதி வெறுமனே ஓடும். இடையில் உட்கார இடம் கிடைக்காது. அரை மணி நேரத்துக்கு இது ஒன்றுமில்லை. ஆலங்குளத்திலிருந்து தென்காசிவரை முகக்காற்றில் போனால் நன்றாகவே தெரியும்.

திரும்பும்போது வேறு கணக்கு. முன் 32, பின் 11-இல் 90 சுற்றுக்கு 36 கிலோமீட்டர் வேகம். காற்று முதுகில் தள்ளும்போது அதற்கு மேல் மிதிக்கக் கியர் இருக்காது. 36-க்கு 11 போட்டால் 40-ஐத் தாண்டலாம், 42-க்கு 11 என்றால் 47. வேகம் முக்கியமில்லை என்பவருக்கு இது பொருட்டே இல்லை. கால் சும்மா தொங்கக் காற்று கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

ஒற்றைச் சக்கரம்

சைக்கிள் பாகங்கள் செய்யும் ஸ்ராம் நிறுவனம் 2012-இல் கொண்டுவந்த 11 வேக அமைப்புத்தான் ஒற்றைச் சக்கரத்தை மலை சைக்கிளின் பொதுப் பாதைக்குக் கொண்டுவந்தது. பின்னால் 10 முதல் 42 வரை. 2016-இல் அதே நிறுவனம் 12 வேகத்தில் 10 முதல் 50 வரை நீட்டியது. 2018-இல் போட்டி நிறுவனமான ஷிமானோ 10 முதல் 51-க்கு வந்தது. பின்னால் தட்டு அளவுக்குப் பெரிய சக்கரம் வந்ததால்தான் முன்னால் மற்ற இரண்டும் தேவையற்றுப் போயின.

ஒற்றைச் சக்கரத்தில் செயின் கழன்று விழாமல் இருப்பதற்குப் பின்னால் இரண்டு பொருள்கள் வேலை செய்கின்றன. ஒன்று, பல்லின் வடிவம். செயினை உற்றுப் பார்த்தால் ஒரு கண்ணி அகலமாகவும் அடுத்தது குறுகலாகவும் மாறிமாறி இருக்கும். ஒற்றைச் சக்கரத்தின் பற்களும் அதேபோல ஒன்று தடித்து, ஒன்று மெலிந்து மாறிமாறி வரும். அதனால்தான் இதில் பல் எண்ணிக்கை பெரும்பாலும் 30, 32, 34 என்று இரட்டைப்படையில் இருக்கும். செயினை மாட்டும்போது அகலக் கண்ணி தடித்த பல்லில் உட்காருகிறதா என்று பார்த்து மாட்டுங்கள். ஒன்று மாறி மாட்டினால் செயின் பல்லின் மேலேயே நின்றுகொண்டு இறங்காது. இரண்டாவது, பின் டீரெய்லரில் உள்ள கிளட்ச். அது டீரெய்லரின் கை முன்னோக்கி ஆடாமல் இறுக்கிப் பிடிக்கும். ஷிமானோவில் இதற்குச் சிறு நெம்புகோல் இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றுவதற்காக அதை அணைத்துவிட்டு, மாட்டியபின் மறுபடி போட மறந்தால் முதல் கல்தடத்திலேயே செயின் விழும். 'ஒற்றைச் சக்கரம் சரியில்லை' என்ற புகாரோடு வரும் சைக்கிளில் முதலில் பார்க்க வேண்டியது இந்த நெம்புகோலை.

நன்மைகள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வலது கை மட்டும் போதும். சரிவின் நடுவிலும் மாற்றலாம், ஏனென்றால் பின்பக்கத்தில் செயின் தளர்ந்து ஓடும் கீழ்ப் பாதியைத்தான் டீரெய்லர் நகர்த்துகிறது. 42 பல் சக்கரத்தின் ஆரம் சுமார் 85 மி.மீ., 32 பல்லுக்கு 65 மி.மீ. தரையிலிருந்து 20 மி.மீ. கூடுதல் உயரம் கிடைப்பதால் பாறையிலும் பனந்தூரிலும் இடிபடுவது குறையும். எடையைப் பெரிதாகச் சொல்வார்கள், அதில் நம்பிக்கை வைக்க வேண்டாம். முன்னால் குறைவதில் ஒரு பங்கைப் பின்னால் பெரிய கேசட் எடுத்துக்கொள்ளும்.

குறை, தேய்மானம். மூன்று சக்கரம் பகிர்ந்துகொண்ட உழைப்பு முழுவதையும் ஒன்றே சுமக்கிறது. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலில் ஓட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தச் செம்மணல் எண்ணெயோடு கலந்தால் செயினுக்குள் சாணை பிடிப்பதுபோல அரைக்கும். ஓட்டி வந்ததும் துணியால் வழித்துத் துடைத்துவிட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டு வீதம் எண்ணெய் விட்டு, மேலே நிற்பதைத் துடைத்துவிடுங்கள். ஈரமாகப் பளபளக்கும் செயின் தேரிக்கு ஆகாது. 12 வேகச் செயினும் கேசட்டும் நெல்லையில் எல்லாக் கடையிலும் உடனே கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். ஒரு செயினை முன்கூட்டியே வாங்கி வீட்டில் வைத்திருப்பது நல்லது. 7, 8 வேகச் செயின் என்றால் அந்தக் கவலை குறைவு.

ஒற்றைச் சக்கரம் என்ற பெயரில் வரும் மலிவு சைக்கிள்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். முன்னால் 32, பின்னால் 14 முதல் 28 வரை ஏழு வேகம் என்றால் ஆக லேசான கியர் 1.14. தோற்றம் மட்டும் புதிது. நாம் தொடக்கத்தில் பார்த்த 21 கியர் சைக்கிளைவிடவும் ஏற்றத்தில் மோசமானது. முன்னால் ஒன்று என்றால் பின்னால் குறைந்தது 42 இருக்க வேண்டும். 32-க்கு 42 என்பது 0.76. ரோட்டு ஏற்றங்களுக்கு அது ஒட்டித்தான் வருகிறது. முன்னால் 30 போட்டால் 0.71.

எதை வாங்குவது

பணம் குறைவு, 8 அல்லது 9 வேகக் கேசட்டோடு நல்ல மூன்று சக்கர சைக்கிள் கிடைக்கிறது, முன்னால் சிறியது 22 அல்லது 24 என்றால், தயங்காமல் வாங்குங்கள். ரோட்டிலும் குளத்துக் கரையிலும் சமமாக ஓட்டுகிறவர், தென்காசிக் காற்றில் தூரம் போகிறவர் இரண்டு சக்கரத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் தடத்தில், மேடு பள்ளத்தில், ஓடையில் இறங்கி ஏறி ஓட்டுகிறவருக்கு ஒற்றைச் சக்கரம்தான் சரி. அதில் முன்னால் 30-க்குப் பின்னால் 46, அல்லது 32-க்கு 51 இருந்தால் மலையடிவாரத்துக்கும் போதும்.

எந்த வகையானாலும் கடையில் நின்று பார்க்க வேண்டியது இரண்டு. முதலில், பின்னால் இருப்பது ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பகுதி) மேல் செருகும் கேசட்டா, ஒரே துண்டாகத் திருகி மாட்டும் ஃப்ரீவீலா. பின் பற்சக்கரங்களைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். அச்சைச் சுற்றி நடுவில் கருவி நுழையும் வெட்டுகள் தெரியும். பற்களோடு சேர்ந்து அவையும் சுற்றினால் கேசட், அவை சுற்றாமல் நின்றால் ஃப்ரீவீல். ஃப்ரீவீல் ஹப்பில் வலது பக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சின் நீளமான பகுதி தாங்கலில்லாமல் நிற்கும். கனமான ஆள் குழியில் இறங்கினால் வளையும், சில நேரம் முறியும். பின்னால் 42, 46 என்று பிற்பாடு ஏற்றிக்கொள்ளவும் கேசட் ஹப் வேண்டும்.

இரண்டாவது, முன் சக்கரங்கள் கிராங்கோடு ரிவிட் அடித்திருக்கிறதா, போல்ட் போட்டிருக்கிறதா. ரிவிட் என்றால் ஒரு சக்கரம் தேய்ந்தாலும் கிராங்கையே மாற்ற வேண்டும், பிற்பாடு ஒற்றைக்கு மாற்றும் வழியும் அடைபடும்.

இருக்கும் சைக்கிளை மாற்றுவது

21 கியர் சைக்கிள் வைத்திருப்பவருக்குச் செலவு குறைந்த திருத்தம், 14-28 ஃப்ரீவீலைக் கழற்றி 14-34 போடுவது. முன்னால் 24 இருந்தால் 0.86 என்பது 0.71 ஆகிவிடும், 28 இருந்தால் 1.0 என்பது 0.82. இதில் 24-இலிருந்து 34-க்கு ஒரே தாவல் இருக்கும். ஏற்றத்தில் அது குறையாகத் தெரியாது. பின் டீரெய்லர் 34 பல்லைத் தாங்கும் வகைதானா என்று முதலில் பாருங்கள். 28-க்கு மேல் தாங்காதவையும் உண்டு. செயினும் இரண்டு கண்ணியாவது நீளம் கூட வேண்டியிருக்கும்: டீரெய்லருக்குள் விடாமல் பெரியது பெரியதில் சுற்றிப் பிடித்து, அதோடு இரண்டு கண்ணி சேர்த்து வெட்டுவது அளவு.

நான்கு போல்ட் கிராங்க் இருந்தால் இன்னும் நல்ல வழி உண்டு. அடுத்தடுத்த இரண்டு போல்ட்டுகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து பாருங்கள். 73.5 மி.மீ. வந்தால் அது 104 அளவு (போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம், மி.மீ.), மிகப் பரவலானது. அதில் பெரிய 42-ஐக் கழற்றி, அதன் இடத்தில் பல் இல்லாத காப்பு வளையம் போட்டுவிட்டால் 32, 22 என்று இரண்டு சக்கரம் ஆகிவிடும். முன் டீரெய்லரின் வெளிப்பக்க ஸ்குருவைத் திருகி, செயின் வெளியே தாண்டாமல் நிறுத்தினால் முடிந்தது. பழைய மூன்று சக்கர சைக்கிளில் மலைக்குப் போகிறவருக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான். ஒற்றையாக்க விரும்பினால் மூன்றையும் கழற்றி, நடு இடத்தில் தடித்தும் மெலிந்தும் மாறிவரும் பல்லுள்ள 32 சக்கரத்தை, ஒற்றைக்கான குட்டைப் போல்ட்டுகளோடு மாட்ட வேண்டும். பழைய நீளப் போல்ட்டைப் போட்டால் இறுகியதுபோலத் தோன்றும், சக்கரம் உள்ளே ஆடும். சாதாரணப் பல்லுள்ள நடுச் சக்கரத்தை அப்படியே விட்டு, முன் டீரெய்லரை மட்டும் கழற்றிவிட்டு ஓட்டுவதைப் பலர் முயல்கிறார்கள். கிளட்சும் இல்லையென்றால் மேடு பள்ளத்தில் செயின் நிற்கவே நிற்காது.

முன் டீரெய்லரை வைத்துக்கொள்பவர் அதைச் சரியாக நிறுத்தத் தெரிந்துகொண்டால் பாதித் தொல்லை போய்விடும். கூண்டின் வெளித்தகடு பெரிய சக்கரத்தின் பல்லுக்கு மேலே 1 முதல் 3 மி.மீ. இடைவெளியில், சக்கரத்துக்கு இணையாக நிற்க வேண்டும். கேபிளைக் கழற்றிவிட்டு, செயினை முன்னால் சிறியதிலும் பின்னால் பெரியதிலும் வையுங்கள். டீரெய்லரில் 'எல்' (L) என்று குறித்த ஸ்குருவைத் திருகி, உள்தகடு செயினை உரசாமல் அரை மி.மீ.க்குள் நிற்குமாறு செய்யுங்கள். பிறகு கேபிளை இழுத்துக் கட்டி, முன்னால் பெரியது, பின்னால் சிறியது. 'எச்' (H) என்று குறித்த ஸ்குருவால் வெளித்தகட்டுக்கும் அதே இடைவெளி. கடைசியாக முன்னால் நடுச் சக்கரம், பின்னால் பெரியது. இப்போது ஸ்குருவைத் தொடாமல், கேபிளின் இறுக்கத்தை மட்டும் கூட்டிக் குறைத்து உள்தகட்டைச் செயினுக்கு மிக அருகில் கொண்டுவாருங்கள். புதிய கேபிள் சில நாளில் தளரும், அப்போது ஸ்குருவைத் திருகக் கூடாது. இறுக்கத்தைத்தான் கூட்ட வேண்டும்.

செயின் தேய்வை அளக்க அங்குலம் குறித்த எஃகு ஸ்கேல் போதும். செயினை இழுத்துப் பிடித்து, ஒரு ஆணியின் நடுவில் பூஜ்யத்தை வைத்து 12 அங்குலத்தைப் பாருங்கள். புதிய செயினில் 24-ஆவது ஆணி சரியாக 12-இல் நிற்கும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தாண்டியிருந்தால் செயினை மாற்றிவிடுங்கள், அப்போது பல்சக்கரங்கள் பிழைக்கும். எட்டில் ஒரு பங்கு தாண்டிவிட்டதென்றால் செயினை மட்டும் மாற்றிப் பயனில்லை. தேய்ந்த பல்லில் புதுச் செயின் வழுக்கும், கேசட்டையும் பெரும்பாலும் முன் சக்கரத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும்.